மெய்யப்பனுக்கு, கோர் கணக்கு பற்றி

காரைக்குடி
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மெய்யப்பா,

நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே? நான் போன் எடுக்கவில்லை என்று நீ திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஆத்தாவும் கேட்டுவிட்டார்கள். "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு நீ வராததற்கு நான் திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது. இரண்டையும் கழித்துக்கொள், கணக்கு நேர்.

விஷயத்துக்கு வருகிறேன். பையன் கதிரேசன் ப்ளஸ் டூ முடித்ததற்கு அவன் ஆயா ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள். அதில் கம்ப்யூட்டருக்குப் பதினாறு கோர் பிராசசர்தான், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பதினாறு மூளை உள்ளதுதான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எல்லாம் கேம் விளையாடத்தான். பதினாறாம்! நாம் பாண்டியின் கம்ப்யூட்டர் கடையில் அந்தச் சிவப்பு நாற்காலிக்கு அடித்துக்கொண்ட காலத்தில் கடை முழுக்க எண்ணினாலும் பதினாறு கோர் தேறியிருக்காது.

நீ இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய். 2008-ல் குவாட் கட்சிக்குக் கொடி பிடித்தவன் நான், நீ டுவோ கட்சி. என் க்யூ6600 பிராசசரில் நாலு கோர், வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். உன் இ8400-ல் இரண்டே கோர், ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ். அன்றைய கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கோருக்கு மேல் வேலை கொடுக்கத் தெரியாது. நீ ஜெயித்தாய், அதை செக்காலை ரோடு பூராவும் சொல்லித் திரிந்தாய். 2014-ல் ஃபார் க்ரை 4 கேம் வந்து, வெறும் இரண்டு கோர் மெஷின்களில் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றபோது மட்டும் உன் போன் ஏனோ அணைந்து கிடந்தது. போகட்டும். இப்போது அந்தக் குவாட் கட்சிக்காரனே பிள்ளையிடம் போய் "கோரைக் குறைச்சுக்கடா" என்று கெஞ்சுகிறான். கட்சி மாறிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. நாலுக்கு அன்று நியாயம் இருந்தது, பதினாறுக்கு இன்று இல்லை.

பையனுக்கு ஆத்தாவின் அடுப்படியைக் காட்டித்தான் சொன்னேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், பிறகு அரைக்க வேண்டும், அதன் பிறகுதான் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் ஊற்ற முடியும். மிளகாய்ச் சட்னியை வேறு ஒருத்தி அரைக்கலாம், இலை போட இன்னொருத்தர் நிற்கலாம். பதினாறு பேர் வந்து நின்றாலும் மாவு ஆகும் முன் எவராலும் ஊற்ற முடியாது. கேமிலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இதே கதைதான். நீ பட்டனை அழுத்தியதைப் பார்க்க வேண்டும், அதை வைத்து எதிரி எங்கே நகர்கிறான் என்று முடிவாக வேண்டும், அதற்குப் பிறகே கிராஃபிக்ஸ் கார்டுக்கு "இதை வரை" என்று உத்தரவு போகும். 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் இத்தனையும் 16.7 மில்லி செகண்டில் முடிய வேண்டும். 144 என்றால் 7 மில்லி செகண்டுகூட இல்லை. அந்த முக்கிய வரிசையை ஓட்டுவது ஒரு த்ரெட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலைச் சங்கிலி. அது உட்கார்ந்திருக்கும் கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. கேம் கிராஃபிக்ஸ் கார்டோடு பேச உதவும் டைரக்ட்எக்ஸ் 12-ம் வல்கனும் வந்த பிறகு உத்தரவு போடும் வேலையைப் பல கோர்கள் பங்கிட்டுக்கொள்ள முடிகிறது. ஆனாலும் வரிசை அடியோடு ஒழிந்துவிடவில்லை.

இதற்கு 1967-லேயே கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வட்டிக்கடை வம்சம் நாம், கணக்கென்றால் விட முடியுமா? வேலையில் பாதி வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும் என்று வை. ஆறு கோர் போட்டால் வேகம் 1.71 மடங்கு. பதினாறு போட்டால் 1.88. ஆயிரம் போட்டாலும் இரண்டைத் தொடாது. பத்துக் கோருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குவது இந்தச் சில்லறையைத்தான்! எங்கள் ஐயா இருந்திருந்தால் கடைக்காரனைப் பெட்டியடிக்கு வரச் சொல்லியிருப்பார்.

"அப்பா, கன்சோல்லயே எட்டு கோர் இருக்கு" என்றான். இருக்கிறது. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-லும் எட்டு, 2020-ல் வந்த 5-லும் எட்டு. அதனால்தான் கேம் எழுதுகிறவர்களும் எட்டை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நான் எட்டோடு சண்டைக்குப் போகவில்லையே. பிராசசர் கம்பெனி ஏஎம்டியையே பாரேன். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டிக்கு எட்டே கோர், ஆனால் 96 மெகாபைட் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு. பதினாறு கோர் வைத்திருந்த 5950எக்ஸை அது பெரும்பாலான கேம்களில் முந்தியது. தேவையான தரவு பக்கத்திலேயே கிடந்தால் அந்த முக்கியக் கோர் மெமரிக்காகக் காத்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான். அட்டையில் போட்டிருக்கும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. இன்டெலின் ஐ9-12900கே பதினாறு கோர்தான், ஆனால் எட்டு பெரியது, எட்டு வேகம் குறைந்த சின்னது.

வாயால் சொல்லி அடங்கவில்லை. கோட்டையூர் மச்சான் ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு கோரின் உழைப்பையும் ஒரு கட்டமாகக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் எட்டு கோரும் உச்சியில். பையன் முகத்தில் வெற்றிக் களை. அது முடிந்ததும் அதே மெஷினில் கேமைப் போட்டோம். இரண்டு மூன்று கட்டங்கள் மூச்சு வாங்கின, மற்றவை தூங்கி வழிந்தன. மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய்க் கோர்களை அணைத்துப் பார்த்தோம் (மச்சான் கை நடுங்கியது வேறு கதை). ஆறுக்கு இறக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. நாலில் சராசரி அவ்வளவாக விழவில்லை, ஆனால் கூட்டமான தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. இரண்டில் விளையாடவே முடியவில்லை. ஆக கோர் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஆறு வரை உயிர், எட்டு வரை சௌகரியம், அதற்கு மேல் கேமுக்கு வெறும் ஜம்பம்.

வீட்டுக்கு வந்து பழைய மெஷினில் ரெசொல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, இறக்கச் சொன்னேன். அது முக்கியமாகக் கிராஃபிக்ஸ் கார்டின் சுமையைத்தான் குறைக்கும். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் பிராசசர் முட்டுகிறது என்று அர்த்தம். சடசடவென்று ஏறியது! முட்டியது கிராஃபிக்ஸ் கார்டு. இவன் ஆயா பணத்தைக் கொண்டுபோய் பிராசசரில் கொட்டப் பார்த்திருக்கிறான்.

இன்னொன்று. பதினாறு கோர் 7950எக்ஸ் என்றால் 170 வாட், ஆறு கோர் 5600 என்றால் 65 வாட். நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. வளவு வீட்டில் சமாளித்துவிடலாம், சுவரின் கனம் உனக்குத் தெரியும். ஆனால், மெய்யப்பா, ஆவணியில் வீட்டில் பங்குள்ள எல்லாப் புள்ளிகளும் கூடுகிறார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்ற பேச்சு இந்தத் தடவை வலுவாக இருக்கிறது. ஓடு மாற்றவே எங்களால் ஆகவில்லை, பெரிய வீட்டு அண்ணன் மலேசியாவிலிருந்து வரவும் மாட்டேன் என்கிறார். ஆத்தாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த வருஷம் அந்த மெஷின் ஏதாவது வாடகை வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் இருந்தாலும் இருக்கும். இதைப் பையனிடம் சொல்ல முடியாமல்தான் வாட் கணக்கை அத்தனை தடவை சொன்னேன். இதைப் பற்றி உன்னிடம் நேரில் பேச வேண்டும், போனில் வராது.

பையன் அடுத்த வாரம் கல்லூரி பார்க்க கோவை வருகிறான். கடைக்கு நீ கூடப் போ. நான் சொன்னால் அப்பா பேச்சு, நீ சொன்னால் அங்கிள் பேச்சு, அதற்கு மதிப்பு அதிகம். ஆறு கோர் என்றால் உடனே தலையாட்டு. எட்டு என்றால் பேரம் பேசு. அதற்கு மேல் வாய் திறந்தால் காபி வாங்கிக் கொடுத்துக் கடையை விட்டு வெளியே கூட்டி வந்துவிடு. மிச்சம் மொத்தமும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. மெமரி எட்டு ஜிபி எட்டு ஜிபியாக இரண்டு கம்பு, பதினாறு ஜிபியை ஒரே கம்பாக வாங்க விடாதே. வீடியோ எடிட்டிங்கும் செய்வேன் என்று ஒரு புதுக் காரணம் கொண்டுவருவான், அதற்குக் கோர் உதவும் என்பது உண்மைதான். "முதலில் ஒரு வீடியோ எடுத்துக் காட்டு" என்று சொல்.

மானகிரி பஸ் கதையை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, மீதியாவது என் மரியாதைக்கு இருக்கட்டும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பழனி

பி.கு.: ஆத்தா மனகோலமும் மாவுருண்டையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். டப்பா திரும்பி வர வேண்டுமாம். போன தீபாவளி டப்பாவையும் சேர்த்தே கேட்கிறார்கள்.