யுரேனியத்தின் அளவு மட்டும் போதாது, அதன் எலக்ட்ரான் நிலையும் செய்தியில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீரில் யுரேனியம் கலந்திருப்பது குறித்து நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளை ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஊன்றிப் படித்து வருகிறேன். லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அளவும், உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள 30 மைக்ரோகிராம் என்ற வரம்பும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், அந்த யுரேனியம் எந்த வேதிநிலையில் இருக்கிறது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதைக் கண்ணெதிரே பார்த்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக நெடுங்காலம் காத்திருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு இத்தகைய விளக்கம் புரியாது என்று யாரும் கருத வேண்டியதில்லை.

யுரேனியம் என்றதும் கதிரியக்கம் ஒன்றே நினைவுக்கு வருகிறது. இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலாக உள்ள யுரேனியம்-238 பாதியாகச் சிதைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான், குடிநீரைப் பொறுத்தவரை அதன் கதிர்வீச்சைவிடச் சிறுநீரகத்தின் மீது அது காட்டும் வேதி நச்சுத்தன்மையே முதன்மையான கவலையாகக் கொள்ளப்படுகிறது. மேற்சொன்ன 30 மைக்ரோகிராம் வரம்பும் அந்த அடிப்படையில் வந்ததே. வேதித்தன்மை என்று வந்துவிட்டால், அணுக்கருவை விட்டு எலக்ட்ரான்களைத்தான் கவனிக்க வேண்டும்.

யுரேனியத்தின் 5எஃப் ஆர்பிட்டாலில் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில் ஒன்று) மூன்று எலக்ட்ரான்கள் உள்ளன என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். சேர்மத்தில் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கொள்ளப்படுகிறது என்பதைக் குறிக்கும் ஆக்சிஜனேற்ற நிலை 4 ஆக இருக்கும்போது அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. 5 என்றால் ஒன்று. 6 என்றால் ஒன்றுமில்லை. இந்தச் சிறு வேறுபாடு நிலத்தடியில் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. ஆறாம் நிலை யுரேனியம் இரு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து யுரேனைல் அயனியாகி, கார்பனேட்டுடன் பிணைந்து நீரில் எளிதில் கரைந்து செல்கிறது. நான்காம் நிலை யுரேனியமோ பெரும்பாலும் கரையாமல் பாறையிலேயே தங்கிவிடுகிறது. வயலுக்கு இடும் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், நான்காம் நிலையில் உள்ளதை ஆறாம் நிலைக்கு மாற்றக்கூடும் என்பதும் அறியப்பட்டதே. கருங்கல்லைத் துளைத்து நீர் எடுக்கும் நம் பகுதிக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தி அன்று.

இந்த நிலைகளைப் பிரித்தறிவதற்கு உதவும் வலிமையான கருவி, எந்தெந்த ஆற்றலில் எக்ஸ் கதிர் உட்கவரப்படுகிறது என்று அளக்கும் எக்ஸ் கதிர் நிறமாலையியல். ஏறக்குறைய 17,170 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைச் செலுத்தினால், யுரேனியத்தின் உள்கூட்டிலுள்ள 2பி எலக்ட்ரான் வெளியே உள்ள 6டி ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. எல்3 விளிம்பு எனப்படும் இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தாலும் அதில் இரண்டு குறைகள் உண்டு. நாம் அறிய விரும்பும் 5எஃப் ஆர்பிட்டாலை அது நேரடியாகத் தொடுவதில்லை. மேலும், எலக்ட்ரான் தாவியதால் உள்கூட்டில் உண்டாகும் காலியிடம் மிகமிகக் குறுகிய காலமே நீடிப்பதால், நிறமாலைக் கோடு பல எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரந்து மங்கிவிடுகிறது. அடுத்தடுத்த இரு நிலைகளுக்கு இடையிலான விலகல் ஓரிரு எலக்ட்ரான் வோல்ட் அளவே என்பதால், அந்த மங்கலில் அது மறைந்துபோகிறது.

ஆகவே ஆய்வாளர்கள் சுமார் 3,730 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எம்4 விளிம்பை நாடினார்கள். இங்கே 3டி எலக்ட்ரான் நேராக 5எஃப் ஆர்பிட்டாலுக்கே செல்கிறது. பின்னர் வெளிப்படும் ஒளிர்வில் மிகக் குறுகிய ஒரு பகுதியை மட்டும் வளைந்த படிகங்களால் பிரித்து அளக்கும்போது, மங்கல் பெருமளவு விலகி, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய நிலைகளுக்குரிய முகடுகள் தனித்தனியே தெரிகின்றன.

இதனால் என்ன பயன் என்பதற்கு ஒரே ஓர் ஆக்சைடைச் சொல்கிறேன். மூன்று யுரேனியம் அணுக்களும் எட்டு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட சேர்மத்தில், ஓர் ஆக்சிஜனுக்கு இரண்டு என்ற கணக்கில், யுரேனியத்தின் மொத்த மின்சுமை 16 ஆக இருக்க வேண்டும். ஒரு நான்கும் இரண்டு ஆறும் கூட்டினால் 16 வருகிறது. இரண்டு ஐந்தும் ஓர் ஆறும் கூட்டினாலும் அதே 16 தான். தாளில் கணக்குப் போட்டு இதைத் தீர்க்க வழியே இல்லை. முதல் விடையையே பலரும் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் விரைவாகச் சுற்றவிட்டு வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் கருவி) எம்4 முறையில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, இரண்டாம் விடையே சரி என்று காட்டியது. அந்த ஆக்சைடில் நான்காம் நிலைக்கு இடமே இல்லை. அணு உலை எரிபொருளான யுரேனியம் டை ஆக்சைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இந்த ஆக்சைடாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 36 விழுக்காடு பெருகி, எரிபொருளைச் சுற்றியுள்ள உறையையே பிளக்கக்கூடும். கல்பாக்கத்தில் அணு உலைகளை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இந்த மாற்றத்தின் படிநிலைகள் தொடர்பில்லாதவை அல்ல.

நிலத்தடி நீருக்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்னும் இடத்தில், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அசிட்டேட் ஊட்டி, கரைந்திருந்த யுரேனியத்தை நான்காம் நிலைக்கு இறக்கிப் படிய வைத்தனர். எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, படிந்தவற்றில் பெரும்பங்கு எதிர்பார்த்த உறுதியான படிகமாக இல்லை, மீண்டும் கரையும் வாய்ப்பு கூடுதலாக உள்ள வடிவில் இருந்தது. நீரில் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளந்திருந்தால், இந்த உண்மை வெளிவந்திருக்காது.

இந்தோரில் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்கும் இந்தஸ்-2 சின்க்ரோட்ரானில் எக்ஸ் கதிர் உட்கவர்தல் ஆய்வுக்கான வசதிகள் உள்ளன. கல்பாக்கத்தில் ஆக்டினைடு (யுரேனியம் உள்ளிட்ட கன தனிமங்களின் வரிசை) வேதியியலைக் கரைத்துக் குடித்த அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டு, எல்3, எம்4 நிறமாலைகளை அருகருகே வரைந்து காட்டும் கட்டுரை ஒன்றைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். இனி நிலத்தடி நீர் பற்றிய செய்தி வரும்போது, அளவோடு நிறுத்தாமல், அந்நீரின் கார்பனேட், நைட்ரேட் அளவுகளையும் செய்தியாளர்கள் கேட்டு வாங்கி அச்சிடுவார்களானால், யுரேனியம் எந்த நிலையில் இருக்கக்கூடும் என்பதை எங்கள் மாணவர்களே ஓரளவு கணித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.