கைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து பதில் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து கல்யாண மாலை ஆர்டர்கள், நடுவில் கோயில் திருவிழா வேறு, அதனால் இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு கோலாலம்பூர் செந்தூல் கொண்டோவில் பொழுது எப்படிப் போகும் என்று போன வருஷம் கவலைப்பட்டவள், இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை என்று இறங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். மகனுக்கு சிங்கப்பூர் வேலை பிடித்துவிட்டது, வரும்போதெல்லாம் அவன் அப்பாவுக்கு மருந்து வாங்கி வருகிறான். கடை வாடகை ஏறிவிட்டது. ஆனாலும் மார்க்கெட் ஸ்திரீட்டை விட்டு நகர எனக்கு மனமில்லை, காலையில் மல்லிகைக் கூடையைப் பிரிக்கும்போதே நாலு பேர் வந்து நின்று பேசுகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்?

சரி, நீ கேட்ட கத்திக்கு வருகிறேன். கைப்பையில் தினமும் வைத்துக்கொள்ள நல்லதாக ஒரு மடக்குக் கத்தி வேண்டும், 700 வெள்ளிக்கு ஒரு கறுப்புக் கத்தி பார்த்தேன், எஸ்30வி எஃகு என்கிறார்கள், பொத்தானை அழுத்தினால் சட்டென்று திறக்கிறது, ராத்திரி எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வரும்போது ஒரு பாதுகாப்புக்கும் ஆகும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் வசதியைப் பற்றியது, இது உன்னைப் பற்றியது.

பாதுகாப்புக்கு என்று கத்தியைத் தூக்காதே. நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டம் இருக்கிறது. முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால் சிறை, ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. கத்தியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று போலீஸ் கேட்டால், தோட்ட வேலைக்கு, பழம் நறுக்க என்று சொல்வது ஒன்று, யாராவது வந்தால் குத்த என்று சொல்வது முற்றிலும் வேறு. பொத்தானில் விசையோடு திறக்கிற ரகத்தின் பக்கமே போகாதே. சட்டத்தை விடு, கத்தியை நீட்டினால் எதிரில் இருப்பவன் உன்னைவிடப் பலசாலியாக இருந்தால் அது அவன் கைக்குத்தான் போகும். ராத்திரி நடைக்கு விசிலும் டார்ச் லைட்டும் வாங்கு, முடிந்தால் அந்த நேரத்தில் கிராப் வாடகைக் கார் எடு. கத்தி வேலைக்கு மட்டும்.

அப்படியானால் என்ன வேலை? இதை யோசிக்காமல் கடைக்குப் போகிறவர்கள்தான் தடித்த பெரிய கத்தியை வாங்கிவிட்டு அலமாரியில் போட்டு வைக்கிறார்கள். எனக்கு ஒரு நாளில் கேமரன் மலையிலிருந்து வரும் பூப்பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையை அறுக்க வேண்டும், டேப்பைக் கிழிக்க வேண்டும், வாழைநாரை வகிர வேண்டும், எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும், மதியம் ஒரு கொய்யா. உனக்குப் பார்சல், சணல் கயிறு, கத்தரிக் காம்பு, சொட்டுநீர்க் குழாய், மாம்பழம். இதில் எதற்கும் 6, 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான அலகு, அதாவது வெட்டும் தகடு, தேவையே இல்லை.

நீளத்தைவிட முக்கியமானது தடிமன், இதைக் கடைக்காரர்கள் பேசவே மாட்டார்கள். ஒரு கேரட்டை எடுத்து வெட்டிப் பார். 3, 4 மில்லிமீட்டர் தடித்த அலகு பாதி தூரம் இறங்கியதும் கேரட்டைப் பிளந்துவிடும், வெட்டாது. அதே கூர் உள்ள மெல்லிய அலகு சத்தமில்லாமல் இறங்கும். நீ படம் அனுப்பிய கறுப்புக் கத்தி பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் அதன் முதுகைப் பார், அது பெட்டியை நெம்பித் திறக்கச் செய்தது மாதிரி இருக்கிறது. கத்தியால் நெம்பவே கூடாது, முனை ஒடிந்துவிடும்.

அடுத்தது எஃகு. எஸ்30வி நல்ல எஃகுதான், அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் கத்திக்கென்றே உருவாக்கியது, வனேடியம் என்ற உலோகம் 4 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள், அதனால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அந்த வனேடியத்தால் உள்ளே உருவாகும் துகள்கள் சாதாரண சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானவை. மழுங்கினால் வீட்டுக் கல்லில் தேய்த்து மாளாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். சுவிஸ் கத்திகளின் எஃகு அதைவிட மென்மையானது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56-ஐ ஒட்டி. சீக்கிரம் மழுங்கும், உண்மை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூராகிவிடும். தினசரி வேலைக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நம் அம்மாமார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தை நினைத்துப் பார். சாயந்திரம் வாசல் படியில் உட்கார்ந்து கல்லில் நீர் விட்டு அந்தக் கத்தியைத் தீட்டாமல் உன் அம்மா சமையலுக்குப் போனதே இல்லை. அது என்ன எஃகு என்று அவர்களுக்குத் தெரியாது. மழுங்கிய கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தும், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்று வெட்ட முடியாது என்று மட்டும் நன்றாகத் தெரியும். விடியும் முன் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் அத்தனை மெல்லிய சீவலாகச் சீவியது அந்தத் தீட்டலால்தான். தீட்டத் தெரிந்தவள் கையில் சாதாரணக் கத்தியும் போதும், நீயும் அந்த வீட்டுப் பெண்தானே.

துரு பற்றிச் சொல்லாமல் விட்டால் பினாங்குக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே கடல் காற்று, உன் ஊரில் தினமும் ஒரு மழை, இரண்டும் எஃகுக்குப் பகை. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும், ஆனால் எலுமிச்சை ஒன்றை வெட்டிவிட்டு அப்படியே மடக்கினால் அலகு கறுத்துவிடும், பழத்திலும் இரும்பு வாடை அடிக்கும். மலிவாகக் கிடைக்கிற டி2 எஃகை நிறையப் பேர் துருப்பிடிக்காதது என்று சொல்லி விற்கிறார்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் வாக்கில் இருப்பது உண்மைதான், ஆனால் அதில் நல்ல பங்கு கார்பனோடு கட்டுண்டு கிடக்கும், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. வியர்வைக் கையோடு பையில் போட்டால் சில வாரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொன்று, கத்தியைத் தோல் உறையில் வைத்துப் பூட்டிவைக்காதே, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

திறந்த அலகு தானாக மூடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மடக்குக் கத்தி விரல் மேல் மூடுவது பெரும்பாலும் முனையால் குத்தும்போதோ, முதுகில் அழுத்தம் விழும்போதோதான். போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எங்கள் கடைப் பையன் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு பூட்டுக் கத்தியால் தேங்காய் மட்டையைக் குத்தப் போய், பூட்டு நழுவி ஆள்காட்டி விரலில் தையல் போட்டுக்கொண்டு வந்தான். மோசமான பூட்டு பூட்டே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் கை அதை நம்பிவிடுகிறது. பூட்டு இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் உள்ள கத்தி என்றால் நீயே ஜாக்கிரதையாக இருப்பாய், சீவுவாய், அறுப்பாய், குத்த மாட்டாய். உன் வேலைக்கு அது போதும், போலீஸ் பார்த்தாலும் அது ஆயுதம் மாதிரி தெரியாது.

இப்போது பெயர் சொல்கிறேன். கைப்பைக்கு என்றால் விக்டோரினாக்ஸ் கேடட். மூடினால் 84 மில்லிமீட்டர், எடை 46 கிராம், அலுமினியப் பிடி, ஒரு அலகு, நக அரம், டின் திறப்பான், பாட்டில் திறப்பான், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் 1884-இல் தொடங்கி, 1891-இல் தங்கள் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தவர்கள், இன்னும் அதே ஊரில்தான் செய்கிறார்கள். தோட்டத்தில் முள் குத்தினால் எடுக்க சிறு இடுக்கி வேண்டும், கத்தரிக்கோலும் வேண்டும் என்றால் அவர்களுடைய கிளைம்பர் எடு, அது 91 மில்லிமீட்டர், கொஞ்சம் தடிமன். நான் கடையில் வைத்திருப்பது அவர்களுடைய பயனியர், அதன் பிடி ஈரக்கையில் வழுக்குவதில்லை, தண்ணீரில் கழுவித் துடைத்துப் போட்டால் போதும்.

பிரெஞ்சுக்காரர்களின் ஓப்பினல் எனக்கு மனசுக்கு மிகவும் பிடித்தது. சவோய் மலைப் பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினல் என்பவர் செய்ய ஆரம்பித்த கத்தி, மரப்பிடி, அலகு 2 மில்லிமீட்டர்கூட இருக்காது, மாம்பழத் தோலைச் சீவினால் அப்படியே சுருள் சுருளாக வரும். பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், திருகினால் அலகு அசையாது, அதை 1955-இல் சேர்த்தார்கள். 8-ஆம் எண் எடுத்தால் அலகு 8.5 சென்டிமீட்டர். ஆனால் நம் மழைக்காலத்தில் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். அதனால் அது எனக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கத்தி. நீ வாங்கினாலும் கார்பன் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகில் வருவதை வாங்கு. தோட்டத்துக்குக் கொண்டுபோகாதே.

எதை வாங்கினாலும் முடிந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கு. அலகைத் திறந்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார், ஆடக் கூடாது. மூடினால் அலகு நடுவில் நிற்க வேண்டும், பக்கத்தில் உரசக் கூடாது. திறக்கும்போது உன் கட்டைவிரல் நகத்துக்கு அந்தப் பள்ளம் எட்டுகிறதா, இழுக்க வருகிறதா என்று பார். உனக்கு விரல் மூட்டு வலி இருக்கிறதே, ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் தினமும் திறக்கச் சலிப்பு வந்துவிடும். அலகின் அடியில் பிடிக்குப் பக்கத்தில் நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும், போலிச் சரக்கில் எழுத்து மங்கலாக, சாய்வாக இருக்கும். இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் 'சுவிஸ்' கத்தியை வாங்காதே.

தீட்டுவதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். 1000 எண் சாணைக்கல் ஒன்று (எண் துகளின் நுண்மையைக் குறிக்கும்), தண்ணீர், பொறுமை. கல்லில் ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில் வைத்து ஒரு பக்கம் தேய், மறுபக்கம் விரலால் குறுக்காகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும், தட்டுப்பட்டதும் திருப்பித் தேய், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்புறமாக நாலு இழுப்பு. சாய்வு மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம், அழுத்தம் தேவையில்லை. அவசரத்துக்குக் கோப்பிக் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில் மெருகு பூசாத சொரசொரப்பு வளையம் இருக்கிறதே, அதில் மெதுவாக இழுத்தாலும் கூர் வரும். நான் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அதைத்தான் செய்வேன். மூட்டில் விட தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும், மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் ஆயில் ஒரு சொட்டுப் போதும், பழம் நறுக்கினாலும் பயமில்லை.

பினாங்குக்கு விமானத்தில் வருவதாக இருந்தால் கத்தியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடு, கைப்பையில் இருந்தால் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகும்போது வீட்டிலேயே வைத்துவிடு. ஆனால் நீ இ.டி.எஸ். ரயிலில்தான் வர வேண்டும் என்பது என் ஆசை, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி ஏறினால் நான் இந்தப் பக்கம் படகுத்துறையில் நிற்பேன்.

ஆர்டர் போடும் முன் படமும் விலையும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வரும்போது உன் சமையலறைக் கத்திகளையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வா, ஞாயிறு மத்தியானம் கடை மூடின பிறகு எல்லாவற்றையும் தீட்டிக் கொடுக்கிறேன். மூட்டு வலிக்குப் புது மருந்து ஆரம்பித்தாயே, அது எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழி