எல்லோரிடமும் கேளுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யலாமா என்ற விவாதத்தில் நானும் பேச வேண்டியவள்.

என் கணவர் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு வாளையார் வழியாக ஐதராபாத் வரை லாரி ஓட்டியவர். 2013-இல் அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இருமல். ஏழு மாதத்தில் மூன்று ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கினோம். டைபாய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சத்து ஊசி போட்டார்கள். எச்.ஐ.வி. பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மனைவியோடு வந்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று கூசியிருப்பார்கள்.

வீட்டில் முதலில் தொற்று இருப்பது தெரியவந்தது எனக்குத்தான். 2014-இல் நான்கு மாதக் கர்ப்பிணியாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஜ்யோதிஸ் மையத்தில் (கேரளத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையம்) இருந்த அக்கா, "கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பார்க்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று தமிழிலேயே கேட்டார். 'எல்லோருக்கும்' என்று சொன்னதால்தான் பயமில்லாமல் கையை நீட்டினேன். தினமும் மாத்திரை சாப்பிட்டேன். பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் நெவிரபின் மருந்து கொடுத்தோம். பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் மகளுக்குத் தொற்று இல்லை என்று உறுதியானது. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருக்குத் தொற்றும். சிகிச்சை எடுத்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். கணவரையும் உடனே அழைத்துப் போனேன். அதற்குள் காசநோய் முற்றியிருந்தது. மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, கேட்காமலே எடுத்துவிடலாமே என்பார்கள் சிலர். 2016-இல் குடல்வால் அறுவை சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் என்னிடம் அப்படித்தான் கேட்காமல் எடுத்தார்கள். முடிவை வராந்தாவில், என் மாமியார் காதுபட, நர்ஸ் உரக்கச் சொன்னார். அன்றே என் கட்டிலை ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள். அந்த வார்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

மறுத்தால் ஒழிய எடுத்துவிடலாம் என்ற முறையை அமெரிக்கா 2006-லேயே பரிந்துரைத்தது. இங்கே டாக்டர் முன்னால் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? சம்மதம் வாங்கியே பரிசோதிக்க வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம். பரிசோதனையை வழக்கமாக்குங்கள், ஆனால் கதவைச் சாத்திவிட்டு, உட்காரவைத்து, அவரவர் மொழியில் கேளுங்கள்.

தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம். மகள் பள்ளியில் படிக்கிறாள்.

ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்