மாவு பூசிக்கொண்டு ரிங்குக்குள் வந்தவன்

பெர்லின், மார்ட்சான்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஒரு வழியாக வீடு கிடைத்துவிட்டது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் மார்ட்சான் என்ற இடம். நம் ஹவுசிங் போர்டு மாதிரி வரிசையாக அடுக்குமாடிகள். நடு ஊரை விட வாடகை குறைவு, வேலைக்கு ரயிலில் போய் வருகிறேன். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுதான் பழக மாட்டேன் என்கிறது.

இந்த ஏரியாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1936 ஒலிம்பிக்ஸ் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, பெர்லினில் இருந்த ரோமா, சின்ட்டி குடும்பங்களை (நாம் ஜிப்சி என்போமே, அவர்கள்தான்) ஹிட்லரின் போலீஸ் பிடித்து வந்து இங்கேதான் அடைத்தது. பக்கத்தில் கல்லறைத் தோட்டம், சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த வயல். 1943-இல் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள். ஒன்பது வயதில் இங்கே அடைபட்டு, கடைசியில் பிழைத்து வந்த ஓட்டோ ரோசன்பெர்க்கின் பெயரில் இப்போது ஒரு சதுக்கம் இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உனக்குப் பிடித்த விஷயம் பற்றி. யோஹான் ட்ரோல்மான் என்று ஒரு குத்துச்சண்டைக்காரன், சின்ட்டி. நின்று வாங்கிக்கொள்ளாமல் ரிங் முழுக்க நடனம் மாதிரி நகர்ந்து அடிப்பானாம். நீ பையன்களுக்குத் தொண்டை வறளச் சொல்லும் அதே ஃபுட்வொர்க். 1933 ஜூன் 9, லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. அவன் கை ஓங்கியிருந்தும் முடிவே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். கூட்டம் ரகளை செய்த பிறகுதான் பட்டம் கொடுத்தார்கள். சில நாளில் அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த சண்டைக்கு ஆட்டம் கீட்டம் கூடாது, ஆடினால் லைசென்ஸ் போய்விடும் என்று மிரட்டல். அவன் என்ன செய்தான் தெரியுமா? தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் அடித்து, உடம்பெல்லாம் மாவு பூசிக்கொண்டு வந்தான். நீங்கள் கேட்ட வெள்ளை ஆரியன் இதோ என்பதுபோல. நகராமல் நின்று அடி வாங்கி, ஐந்தாவது ரவுண்டில் விழுந்தான். இப்படி ஒரு கிண்டலை எந்த ரிங்கிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் ஹிட்லரின் ராணுவத்திலேயே சேர்த்து, போரில் காயப்பட்டுத் திரும்பியவனை 1942-இல் நொயன்காம்ம முகாமில் போட்டார்கள். 1944-இல் அதன் கிளை முகாமில், கைதிகளை மேய்த்த ஒருவனோடு மோதவிட்டார்கள். இவன் ஜெயித்தான். தோற்றவன் கட்டையால் அடித்தே கொன்றுவிட்டான்.

அதே வருடம் ஆகஸ்ட் 2 இரவு, ஆஷ்விட்ஸில் மிச்சமிருந்த சுமார் 4,300 ரோமா, சின்ட்டி மக்களை விஷவாயுவில் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஐரோப்பா முழுக்க 5 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள்.

போர் முடிந்து என்ன ஆனது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1943-க்கு முன் நடந்தது இன ஒடுக்குமுறையே இல்லை, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்று 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. நஷ்ட ஈடு கேட்டவர்களை அதைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். நடந்தது இனப்படுகொலை என்று அரசு ஒப்புக்கொண்டது 1982-இல்தான். ட்ரோல்மானின் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க 2003 ஆகிவிட்டது!

கிளப் பையன்களுக்கு இவனைப் பற்றிச் சொல். அம்மாவின் மாத்திரைக்குப் பணம் போட்டிருக்கிறேன், வந்ததும் ஒரு வார்த்தை போடு.

அன்புடன்,
தம்பி