பெயர் சொல்லி ஒத்துக்கொண்டால் போதாது

ஆசிரியருக்கு,

புதிதாக ஜோடி சேரும் பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர்கள் முதலில் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் பிரிட்ஜ் பகுதியில் பட்டியல் போட்டிருந்தீர்கள். ஸ்டேமன், ஜாக்கோபி டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட், நெகட்டிவ் டபுள், வீக் டூ என்று கன்வென்ஷன்கள், அதாவது ஓர் ஏலச் சொல்லுக்கு ஜோடி முன்பே ஒத்துக்கொள்ளும் தனி அர்த்தங்கள், எல்லாம் சரிதான். ஆனால் பெயர்களை மட்டும் ஒப்பித்துவிட்டு உட்காருகிற ஜோடிதான் நடு ஏலத்தில் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அந்த கன்வென்ஷன் எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று இருவரும் பேசியிருக்கவே மாட்டார்கள்.

பார்ட்னர் 15-17 பாயின்ட்டில் (உயர்ந்த சீட்டுகளின் மதிப்பு) ஒரு நோட்ரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஆட்டம், என்று ஏலத்தை ஓப்பன் செய்கிறார், நீங்கள் நேராக நாலு நோட்ரம்ப் சொல்கிறீர்கள். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இதன் அர்த்தம், "17 இருந்தால் ஆறுக்குப் போங்கள், 15தான் என்றால் பாஸ்". ஏஸ் எண்ணிக்கை வேண்டுமென்றால் அவருக்கு நாலு கிளப், அதாவது கெர்பர், இருக்கிறது. பொழுதுபோக்காக ஆடுபவருக்கோ நாலு நோட்ரம்ப் எங்கே வந்தாலும் பிளாக்வுட்தான், உடனே ஏஸை எண்ணி ஐந்தாம் மட்டத்தில் பதில் சொல்லிவிடுவார். இத்தனைக்கும் இருவரும் "பிளாக்வுட் உண்டு" என்று தலையாட்டியவர்கள்தான்.

டூ ஓவர் ஒன் என்ற ஏல முறையில் சிக்கல் இன்னும் பெரிது. பார்ட்னர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்ல, ஒரு ஸ்பேட், இரண்டு கிளப், இரண்டு ஸ்பேட், மூன்று ஸ்பேட் என்று ஏலம் போகிறது. ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் முறை ஆடுபவருக்கு அந்த மூன்று ஸ்பேட் கேமுக்கு (போனஸ் தரும் ஏல மட்டம்) ஓர் அழைப்பு மட்டுமே, கை சுமாராக இருந்தால் பாஸ் சொல்லலாம். டூ ஓவர் ஒன் ஆடுபவர் இரண்டு கிளப் சொன்னபோதே கேம் உறுதி என்று சொல்லியாயிற்று, மூன்று ஸ்பேடில் அவர் மெதுவாகப் போவதே ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதிமூன்று பிடி) இருக்கிறதா என்று பார்க்கத்தான். எதிரே இருப்பவர் பாஸ் சொன்னால் ஸ்லாம் கை, கேமுக்கும் கீழான பார்ட் ஸ்கோரில் முடிந்துபோகும். இதில் அக்கால் (Acol) என்ற பிரிட்டிஷ் ஏல முறை ஆடிப் பழகியவர் வேறு வந்து சேர்ந்தால் ஒரு நோட்ரம்பே 12-14 ஆகிவிடும், மேஜர் (ஸ்பேட், ஹார்ட்) நாலு சீட்டிலேயே ஓப்பன் ஆகிவிடும். மூவருமே தங்கள் முறையைத்தான் "ஸ்டாண்டர்ட்" என்பார்கள்.

அதிகம் தெரிந்தவர்தான் இறங்கி வரவேண்டும் என்பேன். பாதி நினைவில் இருக்கும் கன்வென்ஷன், இல்லாததைவிட அதிகப் புள்ளிகளைத் தின்னும். கன்வென்ஷனைக் குறைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் வேறு பேசலாம்: நம் ஒரு நோட்ரம்பை எதிரணி டபுள் செய்தால் டிரான்ஸ்ஃபர் அப்படியே இருக்குமா? நெகட்டிவ் டபுள் எந்த மட்டம் வரை? அப்புறம், எதிரணி நம் ஏலத்தின் அர்த்தம் கேட்டால், பேசிக்கொள்ளாததை "பேசவில்லை" என்றே சொல்லவேண்டும், ஊகித்துச் சொல்வது அவர்களையும் சேர்த்துத் தடுமாற வைக்கும்.

அடுத்த முறை பட்டியலோடு இந்த ஏல வரிசைகளையும் அச்சிடுங்கள், குறிப்பாக எதிரணி நடுவில் புகுந்த பிறகு என்ன ஆகும் என்பதை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்