இருவரையும் சேர்த்து ஆடவிடுங்கள்: எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமை ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடைசி நான்கு நிமிடத்தில் கண்ட ஒன்று இன்னும் மனத்தை அறுக்கிறது. எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, அவர்களே எடுத்தார்கள். மறுபடி எறிந்தார்கள், மறுபடி அவர்களே எடுத்தார்கள். மூன்றாவது முறை உள்ளே விழுந்தது. கூடையடியைக் காக்கும் நம் சென்டர் அங்கே ஒற்றை ஆளாக இரண்டு பேரோடு முட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சின் கோடியில் நம் இன்னொரு ஏழடிப் பையன் மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பந்து தெறித்தபோது துண்டைப் போட்டுவிட்டுப் பாதி எழுந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. துண்டை எடுத்து, மடித்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

இருவரையும் சேர்த்து ஆடவிடுங்கள். இந்தப் பருவம் முழுக்க ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் வெளியே போகிறான்.

கூடையடி நெரிசலாகிவிடும், மூன்று புள்ளிக் கோடுவரை ஓடித் தடுக்க ஆள் இருக்காது என்பீர்கள். 2019இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கோட்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு காக்க வேண்டிய தரை கூடியிருப்பது உண்மைதான். ஆனால் யாரையும் மறிக்காமல் கூடையடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று தடுப்பவரை விரட்டும் என்பிஏ (தொழில்முறை லீக்) விதி கல்லூரி ஆட்டத்தில் இல்லையே! ஒருவன் அங்கே காவல் நின்றால் மற்றவன் துணிந்து வெளியே போகலாம்.

இரண்டு நெட்டையர்களைச் சேர்த்து இறக்கி வென்றவர்கள் இருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அணி 2023-24இல் 8 வெற்றி, 24 தோல்வி. அடுத்த பருவம் டஸ்டி மே பயிற்சியாளராக வந்தார்; கோல்டின், வுல்ஃப் என்ற இரண்டு ஏழடிக்காரர்களை ஒன்றாக இறக்கினார். வுல்ஃப் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். கோல்டின் ஸ்கிரீன் போட்டுவிட்டு, அதாவது வுல்ஃபைத் தடுப்பவரை உடலால் மறித்துவிட்டு, கூடையை நோக்கிப் பாய்வார். 27 வெற்றி, அவர்கள் ஆடும் பிக் டென் லீக்கின் போட்டித்தொடர்க் கோப்பை. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2006, 2007 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்றபோது கூடையடியில் சேர்ந்து நின்ற நெட்டையர்கள் நோவாவும் ஹார்ஃபோர்டும். பெஞ்சில் இருக்கும் நம் பையனுக்கும் பந்து கொடுக்கும் கை இருக்கிறது. கூடைக்கு நேர் எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி, தலைக்கு மேலிருந்தே கூடையடிக்கு அவன் கொடுத்ததை நவம்பரில் பார்த்தோம்.

அவன் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. இப்போது கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். நாவில் பழகுவதற்குள் ஆள் வேறு சட்டையில் நிற்கிறான். டிக்கெட் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மன்னியுங்கள், அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல. பெஞ்சுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம்தான் கேட்கிறேன். சனிக்கிழமை முதல் பாதியிலேயே, ஃபவுல்கள் சேர்வதற்கு முன், அன்புகூர்ந்து இருவரையும் சேர்த்து ஆடவிடுங்கள்.

இப்படிக்கு,
மேல் மாடத்தில் அமரும் பழைய மாணவன்