பந்தியும் நோன்பும் பாத யாத்திரையும்: நாகை வட்டார வழிபாட்டுத் தல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம் வட்டாரத்துக் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஹஜ்ரத்மார்களுக்கும், பங்குத்தந்தையருக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கடைசிப் பத்து ஆண்டுகள் தொற்றா நோய்ப் பிரிவின் மேசையில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வந்தவர்களின் வரிசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் வாசற்படியிலேயே உதிர்ந்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்று ஆறு ஆண்டுகள் சொல்லியும் கேட்காத ஓர் அம்மாள், ஒரு தவக்காலத்தில் 40 நாளும் காப்பியையே விட்டுவிட்டு வந்து நின்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "எதையாவது ஒண்ண விடுங்கன்னு ஃபாதர் பூசையில சொன்னாரும்மா. எனக்கு விட முடியாதது இதுதான், அதனால இதை விட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தபோதுதான் இந்த மடலுக்கான எண்ணம் முளைத்தது. நாங்கள் சொன்னால் அறிவுரை. அதையே நீங்கள் சொன்னால் அது நேர்ச்சையாகவும் விரதமாகவும் மாறி வீட்டுக்குப் போகிறது.

நோயின் அளவை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் அது கணக்கிட்டது. விளிம்பில் நிற்பவர்களைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதற்குச் சான்றும் நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியானால் இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பவை உண்பது, உண்ணாதிருப்பது, நடப்பது ஆகிய மூன்றும்தான். சிக்கல் முருகன் கோயிலிலும் நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணி மாதா ஆலயத்திலும் இந்த மூன்றையும் மக்களுக்கு வகுத்துக் கொடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், நீங்கள்தான்.

உண்ணாதிருப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். ரமலான் மாதத்தில் சர்க்கரை நோயாளிகள் எப்படி நோன்பிருக்கிறார்கள் என்று 13 நாடுகளில் 2001இல் ஆராய்ந்தபோது, இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்ததும், சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து மயங்குவது அவர்களிடையே 7.5 மடங்கு கூடியதும் தெரியவந்தன. எங்கள் மேசையில் இந்தக் கணக்கு வேறு வடிவத்தில் வரும். காலை மாத்திரையை, விடியுமுன் உண்ணும் சஹரில் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு முன்பே வியர்த்துக் கை நடுங்கி, நோன்பு முறிந்துவிடுமே என்று ஒரு வாய்த் தண்ணீரும் மறுத்துவிட்டு, மகன் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது, "நோன்பு போயிடுச்சாம்மா?" என்பதைத்தான்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை இருப்பதைக் குர்ஆனே கூறுகிறது என்பதும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் பலர் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் நூறு முறை சொல்லியும் அந்தப் பெரியவர் நம்பவில்லை. ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில் ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது, யார் நோன்பைத் தவிர்ப்பது நல்லது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தப் பேச்சு, ரமலானுக்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதத்திலேயே பள்ளிவாசல் உரைமேடையான மிம்பரில் எழ வேண்டும். முதல் பிறை தெரிந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு எண்களும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குப் பக்கத்தில், ஒரு மாதம் முழுக்க இருக்கட்டும்.

இது ஒரு சமயத்தார் மட்டும் எதிர்கொள்ளும் பிரச்சினை அன்று. கந்த சஷ்டியின்போது சிக்கல் சிங்காரவேலரை நினைத்து ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் அதே அளவில் விழுங்கும் பெண்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். நோன்பில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற பேச்சாவது பள்ளிவாசல் வட்டாரத்தில் அங்கங்கே எழுந்திருக்கிறது. சஷ்டி விரதக்காரர்களிடம் அதை யாருமே சொல்வதில்லை. குருக்கள் காப்புக் கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: சுகர் மாத்திரை போடுகிறீர்களா, ஊசி போடுகிறீர்களா? ஆம் என்றால், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர் சொன்னால் போதும்.

அடுத்தது நடை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னும் காவி உடுத்து, வெறுங்காலுடன், கிழக்குக் கடற்கரைச் சாலையின் கொதிக்கும் தாரில் வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் மோரும் தண்ணீரும் கொடுப்பதைப் பார்க்கக் கண் நிறையும். அப்படி வந்தவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட எங்கள் நிலையத்துக்கு வந்தார். கட்டுப் போட்டுவிட்டு, பழக்கத்தினால் பாதத்தையும் தூக்கிப் பார்த்தேன். குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு துருப்பிடித்த ஆணி, தலை மட்டும் தெரியும்படி, முழுதாக இறங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தார் என்பதையும் அவரால் சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். வலி வந்து எச்சரிக்காது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். ஊருக்குப் போய் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

நேர்ச்சையைத் தடுக்க நான் வரவில்லை. செருப்போ காலுறையோ அணிந்து நடந்தாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்ற ஒரு வாக்கியம், புறப்படும் பங்கிலேயே, வழியனுப்பும் திருப்பலியில், பங்குத்தந்தையின் வாயிலிருந்து வர வேண்டும். இரவில் தங்கும் இடங்களில் இரண்டு பேர் டார்ச்சுடன் உட்கார்ந்து ஒவ்வொருவரின் உள்ளங்காலையும் பார்த்தாலே போதும். பெரிய வாரத்தில் பாதம் கழுவும் சடங்குள்ள திருச்சபைக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் பிராகாரக் கல்லில் வலம் வருகிறவர்களுக்கும், தீமிதிக்கக் காப்புக் கட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நடை என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று நாங்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். எங்கே நடப்பது? நாகூரின் நெருக்கமான சந்துகளில் இருக்கும் பெண்களும், மீன் ஏலம் முடிந்து மத்தியானம் வீடு திரும்பும் கடற்கரைப் பெண்களும் பேருந்து இரைகிற சாலையிலா நடப்பார்கள்? கோயிலின் வெளிப் பிராகாரம், மதரசாவின் திடல், தேவாலயப் பள்ளிக்கூட மைதானம் எல்லாம் மாலையில் பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. மாலை 5 முதல் 6 வரை பெண்களுக்கு மட்டும் என்று எழுதி, கதவைத் திறந்து, ஒரு விளக்கைப் போட்டுவிட்டால் ஆகும் செலவு மின்கட்டணம் மட்டும்தான்.

உணவுக்கு வருகிறேன். 2002இல் கோயில்களில் அன்னதானத் திட்டம் வந்த பிறகு, ஒருவேளைச் சோறு நிச்சயம் என்ற நிம்மதி எத்தனையோ முதியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் குறை காண்பவர்கள் பசியைப் பார்க்காதவர்கள். ஆனால் தினமும் அங்கேயே சாப்பிடுகிறவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள் என்பதையும் நினைக்க வேண்டும். நம் நாட்டு உணவில் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் வெளியான நாடு தழுவிய உணவு ஆய்வு காட்டியது. அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை. பந்தியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இலையில் ஒரு ஸ்பூன் பொரியல் ஓரமாக இருக்கும், சோறு குன்றாக இருக்கும், பரிசாரகர் வாளியுடன் மூன்றாம் முறையும் வருவார். போதும் என்று கை மறித்தால் அன்னத்தை அவமதித்ததாகிவிடுமோ என்று ஒரு கூச்சம்.

இதற்குச் சமையலறையைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. பரிமாறும் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் சுண்டல் அல்லது கூட்டு, அடுத்து காய், அவை பாதி உள்ளே போன பிறகு சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது பயற்றில் சுண்டல் செய்யத் தெரிந்த மடப்பள்ளிக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கல் நிவேதனமாகவே இருக்கட்டும். தொன்னை மட்டும் சிறியதாகட்டும். சாமிக்குப் படைத்தது ஒரு விரல் அளவு கிடைத்தாலும் பிரசாதம்தான். நோன்புக் கஞ்சியைப் பற்றியும் எனக்குப் பெரிய புகார் இல்லை, பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நல்ல உணவு அது; பக்கத்திலேயே வந்து உட்காரும் சமோசாவும் சர்பத்தும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையின் தூய்மைச் சான்றிதழைத் தமிழகக் கோயில் மடப்பள்ளிகள் பல விரும்பி வாங்கியிருக்கின்றன. தூய்மைக்கு வெளியார் அளவுகோலை ஏற்ற நாம், சத்துக்கும் ஒன்றை ஏற்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுவிட்டு, சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். ரத்தத்தில் போய்ச் சேரும்போது அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. அந்த அறிவிப்பை நம்பி இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டவர்களை மறுநாள் நான்தான் பார்த்தேன்.

எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று இன்சுலினை நிறுத்திவிட்டு, ஐந்தாம் நாள் மூச்சிரைப்போடு வந்தார். தட்டில் இறைவசனம் எழுதிக் கரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. கோயில் வாசலில் விற்ற சூரணத்தை நம்பி மருந்துச் சீட்டைக் கிழித்தவர்களும் உண்டு. பிரார்த்தனையும் தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டால், நிறுத்தச் சொன்னதாகவே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

முகாம் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பேனர் கட்டி, பிரமுகரை அழைத்து, முந்நூறு பேருக்கு விரலில் குத்தி, எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, மறுநாள் எல்லோரும் மறந்துபோகும் முகாம்களில் நானே பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு வீடாக வருகிறார்கள். அவர்களுக்கு உங்களிடம் வேண்டியது ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான்: பிரதோஷத்தன்று ஒரு மண்டபத்தில், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றிலில், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு ஆலய வாசலில். எண் கூடுதலாக வந்தவர் அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாரா என்று விசாரிக்க உங்கள் பங்கின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்திலும் மகளிர் குழுவிலும் ஜமாஅத்திலும் ஆள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைத்திருக்கும் நம் ஊரில் இது கடினமான வேலை இல்லை.

ஆவணி பிறப்பதற்குள் மூன்று தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே என் விண்ணப்பம். இடத்தையும் நாளையும் நீங்களே முடிவு செய்யுங்கள். பரிசோதனைக் கருவியையும் பட்டைகளையும் நான் கொண்டுவருகிறேன். வருகிற ஆறு பேருக்கும் முதலில் பார்த்துவிடலாம்; உங்களில் எத்தனை பேர் கடைசியாக எப்போது பரிசோதித்துக்கொண்டீர்கள் என்று கேட்கும் உரிமையை மட்டும் இந்த வயதில் எனக்குத் தாருங்கள்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
நாகப்பட்டினம் வட்டம்.